எண்ணி முடிக்கட்டும்

2024 நவம்பரில், அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்து இரண்டு வாரங்களுக்கு மேலாகியும் கலிஃபோர்னியாவில் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. இந்தியா 64 கோடி ஓட்டுகளை ஒரே நாளில் எண்ணிவிட்டதை அப்போது எலான் மஸ்க் எக்ஸ் தளத்தில் சுட்டிக்காட்டினார். நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் அது பெருமையோடு சுற்றியது. பெருமைப்படுவதில் தவறில்லை. அதனோடு ஒட்டிக்கொண்டு வந்த இன்னொரு கருத்துதான் தவறு. முடிவு அன்றிரவே வராவிட்டால் உள்ளே ஏதோ நடக்கிறது. மாலையில் முன்னிலையில் இருந்தவர் விடிவதற்குள் பின்னுக்குப் போனால் ஓட்டு திருடுபோய்விட்டது. நேர்மையான எண்ணிக்கை என்றால் சட்டென்று முடிய வேண்டும். இன்று கட்சிக்காரர்கள் மட்டுமல்ல, படித்தவர்களும் தொலைக்காட்சியில் கருத்துச் சொல்பவர்களும் இதைப் பொதுப்புத்தி போலப் பேசுகிறார்கள்.

வரலாறு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. மயிரிழையில் முடிந்த அதிபர் தேர்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், மக்களின் தீர்ப்பு சிதைந்த இடங்களில் எண்ணிக்கை அவசரப்படுத்தப்பட்டிருக்கிறது, நிறுத்தப்பட்டிருக்கிறது அல்லது மூடிய அறைக்குள் நடந்திருக்கிறது. பொறுமையாக, எல்லோர் கண்முன்னும் மீண்டும் எண்ணப்பட்ட இடங்களில் பிழை திருந்தியிருக்கிறது.

முதலில் அந்த ‘ஒரே நாள்’ கணக்கைப் பார்ப்போம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் போட்டது. பெட்டிகள் திறந்தது ஜூன் 4 அன்று. இடையில் 46 நாள்கள் அந்த இயந்திரங்கள் பூட்டிய அறைகளில் காவலில் இருந்தன. எண்ணும் வேலை ஒரு நாளில் முடிந்தது உண்மை. முடிவுக்காகத் தமிழ்நாட்டு வாக்காளர் காத்திருந்தது ஒன்றரை மாதம். நம் இயந்திரத்தில் ஒரு பொத்தான், ஒரு போட்டி. அமெரிக்க வாக்காளரின் சீட்டிலோ அதிபர், செனட், பிரதிநிதிகள் சபை, மாநிலச் சட்டமன்றம், நீதிபதிகள், உள்ளூர்ப் பதவிகள், சட்டத் திருத்தங்கள் மீதான பொதுவாக்கெடுப்பு என்று எல்லாம் இருக்கும். கலிஃபோர்னியாவில் பெரும்பாலோர் தபாலில் வாக்களிக்கிறார்கள். தேர்தல் நாளன்று அஞ்சல் முத்திரை விழுந்த உறை ஏழு நாள்கள் கழித்து வந்து சேர்ந்தாலும் 2024இல் அது செல்லும் ஓட்டு. ஒவ்வொரு உறையின் கையெழுத்தும் ஒப்பிடப்படுகிறது. பொருந்தாவிட்டால் வாக்காளரை அழைத்துச் சரிசெய்ய வாய்ப்பு தருகிறார்கள். தாமதம் அங்கேதான் பிறக்கிறது. ஒரு ஓட்டைத் தள்ளுபடி செய்வது விரைவான வேலை. அதைக் காப்பாற்றுவதற்குத்தான் நேரமாகும்.

முன்னிலை மாறுவதைக் கண்டு நம் மக்கள் பதறுவதும் வியப்பளிக்கிறது. எண்ணிக்கை நாளன்று காலை எட்டு மணிக்குத் தபால் ஓட்டில் முன்னிலை, ஐந்தாவது சுற்றில் பின்னடைவு, பதினெட்டாவது சுற்றில் வெற்றி என்பதெல்லாம் தமிழ்நாட்டில் ஒவ்வொரு தேர்தலிலும் பார்க்கும் காட்சி. எந்த ஊர்ப் பெட்டி எந்தச் சுற்றில் வரும், அங்கே யாருக்குச் செல்வாக்கு என்று முகவர்களுக்குத் தெரியும். 2020 அமெரிக்கத் தேர்தலில் பென்சில்வேனியா மாநிலத்தில் நடந்ததும் அதே சுற்றுக் கணக்குதான்.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு ஃபுளோரிடாவைவிடப் பெரிய பாடம் இல்லை. 2000 நவம்பர் 7, அதிபர் தேர்தல் நாள் இரவு, அமெரிக்கத் தொலைக்காட்சிகள் ஃபுளோரிடாவை முதலில் அல் கோருக்குக் கொடுத்தன. சில மணி நேரத்தில் திரும்பப் பெற்றன. அதிகாலை இரண்டேகால் மணி வாக்கில் ஜார்ஜ் புஷ் வென்றதாக அறிவித்தன. விடிவதற்குள் அதையும் திரும்பப் பெற்றன. வொலூசியா கவுண்டியில் ஒரு வாக்குச்சாவடியின் கணக்கு கணினியில் ஏறியபோது கோரின் எண்ணிக்கை கூடுவதற்குப் பதிலாக 16,022 குறைந்தது. ஒரு வாக்குச்சாவடியில் ஒருவர் கழித்தல் கணக்கில் ஓட்டு வாங்க முடியாது. யாரோ அதைக் கவனித்துச் சரிசெய்தார்கள். அன்றிரவு கிடைத்த எண்களை அப்படியே ஏற்றிருந்தால் அந்தப் பிழைதான் ‘மக்கள் தீர்ப்பு’ ஆகியிருக்கும்.

மறுநாள் புஷ்ஷின் முன்னிலை 1,784. ஏறத்தாழ 60 லட்சம் ஓட்டுகளில் வித்தியாசம் அரை விழுக்காட்டுக்கும் கீழே இருந்ததால், சட்டப்படி இயந்திர மறு எண்ணிக்கை தானாகவே தொடங்கியது. சில நாள்களில் அது முன்னூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியது. வெளிநாட்டுத் தபால் ஓட்டுகள் சேர்ந்தபின் 930 ஆகக் கூடியது. நவம்பர் 26 அன்று மாநிலம் சான்றளித்தபோது அது 537. யாரும் திருடாமலேயே, எண்ணிப் பார்க்கப் பார்க்க எண் நகர்ந்துகொண்டிருந்தது. காரணம் ஓட்டுச்சீட்டில் இருந்தது. பல கவுண்டிகளில் வாக்காளர் ஓர் ஊசியால் அட்டையைக் குத்தித் துளையிட வேண்டும். துளையின் துண்டு முழுதாக உதிராமல் ஒரு மூலையில் தொங்கினால் இயந்திரத்தின் கண்ணுக்கு அந்தத் துளை தெரியாது. மனிதக் கண்ணுக்குத் தெரியும். மாநிலம் முழுவதும் இப்படியும், ஒன்றுக்கு மேற்பட்ட துளைகளாலும் எந்தக் கணக்கிலும் சேராமல் கிடந்த சீட்டுகள் சுமார் 1,75,000. வெற்றி வித்தியாசத்தைப் போல முன்னூறு மடங்குக்கும் மேல்.

அவற்றைக் கையில் எடுத்துப் பார்க்கும் வேலைக்குத்தான் எல்லாத் திசையிலிருந்தும் கெடு விதிக்கப்பட்டது. மியாமி-டேட் கவுண்டியில் எண்ணும் அலுவலகத்தின் வாசலில் கட்சிக்காரர்கள் திரண்டு கூச்சலிட்ட நவம்பர் 22 அன்று, நேரம் போதாது என்று கூறிக் கைமுறை எண்ணிக்கை கைவிடப்பட்டது. இயந்திரம் படிக்கத் தவறிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் அப்படியே கட்டிவைக்கப்பட்டன. பாம் பீச் கவுண்டியில் அலுவலர்கள் நன்றி தெரிவிக்கும் திருநாள் விடுமுறை தவிர இரவு பகலாக எண்ணினார்கள். நவம்பர் 26 மாலை 5 மணிக் கெடுவுக்குப் பிறகு அவர்களுக்குத் தேவைப்பட்டது சுமார் இரண்டு மணி நேரம். மாநிலச் செயலர் கேத்தரின் ஹாரிஸ் அதைத் தர மறுத்தார். அவரே புஷ் பிரசாரக் குழுவின் ஃபுளோரிடா இணைத்தலைவர்களில் ஒருவர். அவர்கள் எண்ணி எடுத்த கணக்கு சான்றிதழில் சேரவில்லை.

டிசம்பர் 8 அன்று ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம், இயந்திரம் படிக்கத் தவறிய சீட்டுகளை மாநிலம் முழுவதும் கையால் எண்ண உத்தரவிட்டது. மறுநாளே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் அதை நிறுத்திவைத்தது. சட்டப்படி செல்லுமா என்று ஐயமுள்ள ஓட்டுகளை எண்ணினால் புஷ்ஷின் வெற்றி மீது நிழல் விழும் என்று காரணம் சொன்னார் நீதிபதி ஸ்கலியா. அதாவது, எண்ணிப் பார்ப்பதே தீங்கு. டிசம்பர் 12 தீர்ப்பில், சீட்டை மதிப்பிடும் அளவுகோல் கவுண்டிக்குக் கவுண்டி மாறுகிறது என்று ஏழு நீதிபதிகள் குறை கண்டார்கள். அந்தக் குறை உண்மையானதுதான். ஒரே அளவுகோலை வகுத்து எண்ணச் சொல்வதல்லவா அதற்கு மருந்து? ஐந்து பேர் கொண்ட பெரும்பான்மை, இனி நேரமில்லை என்று எண்ணிக்கையையே முடித்துவைத்தது. நேரத்தைப் பறித்தது அவர்களுடைய தடையாணையும்தான்.

பிறகு செய்தி நிறுவனங்கள் கூட்டாக அந்தச் சீட்டுகளை ஆராய்ந்து 2001 நவம்பரில் முடிவை வெளியிட்டன. கோர் கேட்டபடி நான்கு கவுண்டிகளில் மட்டும் எண்ணியிருந்தால் புஷ்ஷே வென்றிருப்பார். மாநிலம் முழுவதும் கிடந்த எல்லாச் சீட்டுகளையும் பார்த்திருந்தால், எந்த அளவுகோலை வைத்தாலும், கோர் 60 முதல் 171 ஓட்டு வரை முந்தியிருப்பார். இரு தரப்புமே இதில் தமக்குப் பிடித்த பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கம். முழுதாகப் பார்த்தால் இது இரு தரப்புக்கும் கண்டனம். ஒருவர் எண்ணுவதை நிறுத்தக் கேட்டார்; மற்றவர் தமக்குச் சாதகமான இடங்களில் மட்டும் எண்ணக் கேட்டார். வாக்காளரின் பக்கம் நின்று ‘எல்லாவற்றையும் எண்ணுங்கள்’ என்ற குரலுக்குக் கடைசிவரை செவிசாய்ப்பார் இல்லை.

நேரமில்லை என்ற வாதம் எவ்வளவு பலவீனமானது என்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ஹவாய் சான்றளித்திருந்தது. 1960 அதிபர் தேர்தலில் அங்கே ரிச்சர்ட் நிக்சன் 141 ஓட்டு வித்தியாசத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. குடியரசுக் கட்சி அரசு அவருடைய தேர்வாளர்களுக்கு (மாநிலத்தின் சார்பில் அதிபரை முறைப்படி தேர்ந்தெடுப்பவர்களுக்கு) சான்றிதழும் கொடுத்துவிட்டது. நீதிமன்ற மேற்பார்வையில் மறு எண்ணிக்கை நடந்துகொண்டிருக்கும்போதே தேர்வாளர்கள் கூட வேண்டிய டிசம்பர் 19 வந்தது. இரு கட்சித் தேர்வாளர்களும் தனித்தனியே கூடித் தங்கள் ஓட்டுகளை அனுப்பிவைத்தார்கள். எண்ணிக்கையை யாரும் நிறுத்தவில்லை. டிசம்பர் 30 அன்று, நிக்சனை எதிர்த்து நின்ற கென்னடிதான் 115 ஓட்டில் வென்றார் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியரசுக் கட்சி ஆளுநர் வில்லியம் குவின் ஜனவரி 4 அன்று புதிய சான்றிதழில் கையெழுத்திட்டார். ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய துணை அதிபர் வேறு யாருமல்லர், நிக்சனேதான். தமக்கு எதிரான அந்த மூன்று தேர்வாளர் ஓட்டுகளையும் அவரே கென்னடியின் கணக்கில் சேர்த்தார். எல்லாக் கெடுவும் தாண்டிய பிறகு வந்த திருத்தம் அது. அதனால் நாடு கவிழ்ந்துவிடவில்லை. 2000ஆம் ஆண்டின் மாற்றுத் தீர்ப்பில் நீதிபதி ஸ்டீவன்ஸ் இந்த ஹவாய் நிகழ்வை நினைவூட்டினார். பெரும்பான்மை அதைப் பொருட்படுத்தவில்லை.

அதே 1960 தேர்தலை வைத்துத்தான் எதிர்த் தரப்பு சிகாகோ கதையைச் சொல்லும். மேயர் டேலியின் ஆட்கள் கடைசி நேரத்தில் பெட்டிகளை நிரப்பிக் கென்னடியை அதிபராக்கினார்கள் என்பது அரை நூற்றாண்டாகச் சொல்லப்படும் கதை. சிகாகோவில் முறைகேடு இருந்ததை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கென்னடிக்குக் கிடைத்த தேர்வாளர் ஓட்டுகள் 303. சிகாகோ இருக்கும் இலினாய் மாநிலத்தின் 27ஐக் கழித்தாலும் 276. தேவைப்பட்டது 269. சிகாகோவை முழுதாக நிக்சனுக்குக் கொடுத்தாலும் அதிபர் மாறியிருக்க மாட்டார்.

ஐரோப்பாவிலும் இதே பாடம், இன்னும் கூர்மையாக. 2016 மே 22 அன்று ஆஸ்திரிய அதிபர் தேர்தலின் இரண்டாம் சுற்று. அன்றிரவு சாவடி ஓட்டுகளில் நோர்பர்ட் ஹோஃபர் முன்னிலை. மறுநாள் தபால் ஓட்டுகளை எண்ணியபின் அலெக்சாந்தர் வான் டெர் பெல்லன் 30,863 ஓட்டில் வெற்றி. தோற்ற தரப்பு வழக்குத் தொடுத்தது. தபால் உறைகளைத் திங்கள்கிழமை காலை 9 மணிக்கு முன் திறக்கக் கூடாது, தேர்தல் குழு உறுப்பினர்கள் இல்லாமல் தொடக் கூடாது என்பது சட்டம். முடிவை விரைவாகச் சொல்லும் ஆர்வத்தில் 14 மாவட்டங்களில் அந்த விதிகளை மீறியிருந்தார்கள். பாதிக்கப்பட்ட ஓட்டுகள் 77,926. ஒரு சீட்டுகூட மாற்றப்பட்டதாகச் சான்று இல்லை. இருந்தும் ஜூலை 1 அன்று அரசமைப்பு நீதிமன்றம் தேர்தலையே செல்லாததாக்கியது, ஏனெனில் ஐயத்துக்குள்ளான எண் வெற்றி வித்தியாசத்தைவிடப் பெரிது. அக்டோபரில் நடக்க வேண்டிய மறுதேர்தல், தபால் உறைகளின் பசை சரியாக ஒட்டவில்லை என்பதற்காக டிசம்பர் 4க்குத் தள்ளிப்போனது. வான் டெர் பெல்லன் இம்முறை 53.8 விழுக்காட்டில் வென்றார். சில மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஆறு மாதத்தை இழந்தது அந்த நாடு. வேகம் நேர்மையின் அடையாளம் என்பவர்கள் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

இனி 2020 அமெரிக்க அதிபர் தேர்தல். பென்சில்வேனியாவில் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் தபால் உறையைப் பிரிக்கவே சட்டம் அனுமதிக்கவில்லை. முன்கூட்டியே பிரிக்க அனுமதி வேண்டும் என்று தேர்தல் அலுவலர்கள் மாதக்கணக்கில் மன்றாடினார்கள். சட்டமன்றமும் ஆளுநரும் உடன்பாட்டுக்கு வரவில்லை. கொள்ளைநோய்க் காலம் என்பதால் வந்து குவிந்தவை 26 லட்சம் தபால் ஓட்டுகள். டிரம்ப் தம் ஆதரவாளர்களைத் தபாலை நம்ப வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் அவற்றில் பெரும்பகுதி பைடனுக்குப் போகும் என்பது வாக்குப்பதிவுக்கு முன்பே எல்லோரும் எழுதிவைத்த விஷயம். முதலில் சாவடி ஓட்டு, பிறகு தபால் ஓட்டு. முதலில் டிரம்ப் முன்னிலை, பிறகு பைடன். கடைசியில் வித்தியாசம் 80,555. மறுநாள் அதிகாலையிலேயே வெற்றியை அறிவித்துக்கொண்ட டிரம்ப், எண்ணிக்கையை நிறுத்தச் சொல்லிப் பதிவிட்டார். அதே நாள்களில் டெட்ராய்ட்டில் அவருடைய ஆதரவாளர்கள் ‘எண்ணாதே’ என்றும், பின்னால் எண்ணப்பட்ட ஓட்டுகள் அவருக்குச் சாதகமாக வந்துகொண்டிருந்த அரிசோனாவில் ‘எண்ணு’ என்றும் முழங்கினார்கள். தாமதத்தின் மீதான கோபம் கொள்கை சார்ந்தது என்றால் இரண்டு ஊரிலும் ஒரே முழக்கம் கேட்டிருக்க வேண்டும்.

ஜார்ஜியாவில் 50 லட்சம் சீட்டுகளைக் கையால் எண்ணினார்கள். ஃபிலாய்டு கவுண்டியில் எண்ணப்படாமல் விட்டுப்போன இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளும், ஃபயட் கவுண்டியில் கணக்கில் ஏறாமல் கிடந்த ஒரு நினைவு அட்டையும் அந்த எண்ணிக்கையில்தான் கண்ணில் பட்டன. இரண்டிலும் கூடுதல் ஓட்டு டிரம்புக்கு. அவையும் சேர்க்கப்பட்டன. அதன்பின் அவர் கேட்டபடி இயந்திரத்தில் இன்னொரு முறை எண்ணினார்கள். இறுதி வித்தியாசம் 11,779. விஸ்கான்சினில் 30 லட்சம் டாலர் கட்டி டிரம்ப் இரண்டு கவுண்டிகளில் மறு எண்ணிக்கை கேட்டார். பைடனுக்கு 87 ஓட்டு கூடியது. நிதானமான எண்ணிக்கை கட்சி பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? 2021 ஜனவரி 2 அன்று டிரம்ப் ஜார்ஜியா மாநிலச் செயலருக்குத் தொலைபேசியில் 11,780 ஓட்டுகளைக் கண்டுபிடிக்கச் சொன்னபோது, அதே குடியரசுக் கட்சிக்காரரான அந்தச் செயலரால் மறுக்க முடிந்ததற்குக் காரணம் மூன்று முறை எண்ணிய கணக்கு அவர் கையில் இருந்ததுதான்.

எதிர்த் தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. எண்ணிக்கை நீண்டால் வதந்தி வளரும், வதந்தி வளர்ந்தால் ரத்தம் சிந்தும் என்பார்கள். கென்யா 2007ஐக் காட்டுவார்கள். டிசம்பர் 27 அன்று வாக்குப்பதிவு; தொடக்கத்தில் ரைலா ஒடிங்கா முன்னிலை; சில தொகுதிகளின் முடிவுகள் தாமதமாயின; முன்னிலை கரைந்தது; டிசம்பர் 30 அன்று முவாய் கிபாகி சுமார் 2,31,000 ஓட்டில் வென்றதாக அறிவித்து, அன்று மாலையே அவசரமாகப் பதவியேற்பும் நடந்தது. தொடர்ந்த வன்முறையில் 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கொடுமையான உண்மை.

ஆனால் 2022 கென்யாவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே ஒடிங்கா தோற்றார். வில்லியம் ரூட்டோவின் வெற்றி வித்தியாசம் சுமார் 2,33,000, ஏறத்தாழ அதே எண். முடிவு வர ஆன நாள்களோ 2007ஐவிட அதிகம்: ஆகஸ்ட் 9 அன்று வாக்குப்பதிவு, 15 அன்று அறிவிப்பு. தேர்தல் ஆணையர்கள் ஏழு பேரில் நான்கு பேர் முடிவை ஏற்க மறுத்தார்கள். நாடு பற்றி எரிய எல்லாக் காரணமும் இருந்தது, எரியவில்லை. இம்முறை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகளின் முடிவுத் தாள்களை ஆணையம் இணையத்தில் போட்டுவிட்டது. யார் வேண்டுமானாலும் கூட்டிப் பார்க்கலாம். பத்திரிகைகள் கூட்டிப் பார்த்தன. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, செப்டம்பர் 5 அன்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. 2007இல் மக்களைக் கொன்றது தாமதம் அல்ல. தலைமையகத்துக்குள் எண்கள் எப்படிக் கூட்டப்படுகின்றன என்று வெளியிலிருந்த யாருக்கும் தெரியாமல் போனதும், கேள்வி கேட்பதற்குள் பதவியேற்பை முடித்த அவசரமும்தான்.

அமெரிக்காவின் 1876 தேர்தலையும் தாமதத்துக்கு எதிராகச் சொல்வார்கள்: நான்கு மாத இழுபறி, கடைசியில் 185–184 என்று ரதர்ஃபோர்டு ஹேஸ் வெற்றி. அங்கே நான்கு மாதமும் ஓட்டு எண்ணப்படவில்லை. பதினைந்து பேர் கொண்ட குழு, மாநிலங்கள் அனுப்பிய சான்றிதழ்களுக்குப் பின்னால் போய்ப் பார்க்க மறுத்து, கட்சி பிரிந்து 8–7 என்று வாக்களித்தது. எண்ண மறுத்துப் பேரம் பேசிய தேர்தல் அது. அதன் விலையைத் தென் மாநிலங்களின் கறுப்பின மக்கள் பல பத்தாண்டுகள் கட்டினார்கள்.

விரைவாக எண்ண வழியே இல்லையா என்றால், உண்டு. இன்று ஃபுளோரிடாவே அன்றிரவே பெரும்பகுதியை எண்ணிவிடுகிறது. தபால் உறைகளைத் தேர்தலுக்கு முன்பே சரிபார்த்து வைக்க அங்கே சட்டம் அனுமதிக்கிறது. ஆட்களையும் இயந்திரத்தையும் சட்டத்தையும் முன்கூட்டித் தயார் செய்து பெறும் வேகம் நல்ல வேகம். சீட்டைப் பார்க்காமல் பெறும் வேகம் வேறு.

‘ஒரே நாளில்’ என்ற நம் பெருமைக்கும் தமிழ்நாட்டின் ராதாபுரம் தொகுதி ஒரு பதில் வைத்திருக்கிறது. 2016 சட்டமன்றத் தேர்தலில் அங்கே அதிமுகவின் இன்பதுரை 49 ஓட்டில் வென்றதாக எண்ணிக்கை நாளன்றே அறிவிக்கப்பட்டது. திமுகவின் அப்பாவு வழக்குப் போட்டார். தலைமையாசிரியர் சான்றொப்பமிட்டதால் 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று தள்ளியிருந்தார்கள். அவற்றையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மீண்டும் எண்ணச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2019 அக்டோபரில், தேர்தல் முடிந்து மூன்றாண்டுகளுக்குப் பிறகு. எண்ணினார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அந்தச் சட்டமன்றத்தின் காலம் முடியும்வரை அந்த எண் வெளிவரவில்லை.

வித்தியாசம் இத்தனை விழுக்காட்டுக்குக் கீழே போனால் தானாகவே மறு எண்ணிக்கை நடக்க வேண்டும் என்ற விதி இந்தியாவில் இன்றும் இல்லை. வேட்பாளர் கேட்க வேண்டும், தேர்தல் நடத்தும் அலுவலர் ஏற்கலாம், மறுக்கலாம். அமெரிக்கா ஏன் இவ்வளவு நாள் எடுக்கிறது என்று கேட்பவர்கள், நெருக்கமான தொகுதிகளில் கட்டாய மறு எண்ணிக்கையும், தேர்தல் வழக்குகளுக்கு மீற முடியாத காலவரம்பும் வேண்டும் என்று நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டும்.